வெள்ளை படியாத எஞ்சின்

மச்சான்,

இன்று காலை பல் துலக்கிக்கொண்டு நின்றபோதே அந்த வாசம் வந்துவிட்டது. கல்லை மாவாக அரைத்துத் தண்ணீரில் குழைத்த வாசம். எதிரில் காலியாகக் கிடந்த மனையில் வீடு கட்டப்போகிறவர்கள் ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். கம்ப்ரசர் போட்ட சத்தத்தில் ஜன்னல் கண்ணாடியெல்லாம் நடுங்கியது. தெருவே வாசலில் நின்று முறைத்துக்கொண்டிருக்க, நான் மட்டும் வாயில் பிரஷ்ஷோடு மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன். பார்த்தவர்கள் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அது உங்கள் சட்டையின் வாசம். வருடத்துக்கு மூன்று முறை ஆந்திராவிலிருந்தோ ராஜஸ்தானிலிருந்தோ நீங்கள் வந்து இறங்கினால், பூங்கொடி முதல் வேலையாக உங்கள் துணிகளைத் தனியாக ஊறவைப்பாள். மூன்று தண்ணீர் மாற்றிய பிறகும் வாளியின் அடியில் சாம்பல் நிறத்தில் வண்டல் நிற்கும். "எங்கண்ணன் துணியத் தொவச்ச தண்ணியில ஒரு ஊட்டுக்கே பூச்சு வேல பாத்தரலாமுங்க" என்பாள். தங்கை என்ன சொன்னாலும் உங்களுக்குச் சிரிப்புத்தான். பங்குனியில் நீங்கள் போன பிறகு எங்கள் தெருவுக்கு வந்த முதல் போர் வண்டி இது. ஐப்பசி ஆகிவிட்டது, மச்சான். உங்களிடம் சொல்லவேண்டிய ஒன்றைச் சொல்லாமலே வைத்திருந்தேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் முதலில் இருந்து வராவிட்டால் எனக்கு எதுவும் வராது, உங்களுக்கே தெரியும்.

எங்கள் வீட்டில் நீங்கள் போர் போட்ட நாளை நினைத்துப் பார்க்கிறேன். எங்கள் தெருவில் அதற்கு முன் போட்ட நான்கு போர்களில் மூன்றில் தண்ணீருக்குப் பதில் வெறும் கல்தூள் புகைதான் வந்தது. உங்கள் முதலாளியிடம் கேட்டு, வண்டியை இரண்டு நாள் திருப்பிக் கொண்டுவந்தீர்கள். ஐந்நூறு அடி தாண்டியும் ஈரமில்லை. போதும், நிறுத்திவிடலாம் என்றேன் நான். நீங்களோ சுழலும் இரும்புக் குழாயின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றீர்கள். "இன்னும் நூறு அடி உடுங்க மாப்ள. கல்லு சத்தம் மாறுது" என்றீர்கள். அறுநூற்று இருபதில் தண்ணீர் பீறிட்டு வேப்பமரத்தின் உயரத்துக்கு எழுந்தது. நம் எல்லோர் மேலும் சேறு. பூங்கொடி குழந்தை மாதிரி அதில் நின்று அழுதாள்.

முதல் தண்ணீரைச் சொம்பில் பிடித்து, மஞ்சள் போட்டு, வீட்டுக்காரர் கையில் கொடுப்பது உங்கள் தொழில் வழக்கம். சாமிக்கு வைத்து வாசலில் தெளித்தால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். உங்களுக்கு அது போதவில்லை. "இந்த ஊட்டுல எதெது ஓடோணுமோ அதுக்கெல்லாம் மொதத் தண்ணி படோணும்" என்று கிளம்பினீர்கள். கிரைண்டரில் தெளித்தீர்கள். என் மொபெட்டில் தெளித்தீர்கள். கார் பக்கம் வந்ததும் தெளிப்பது மரியாதைக் குறைவாகப் பட்டிருக்க வேண்டும். ஒரு டாக்டரிடமிருந்து நாங்கள் செகண்ட் ஹேண்டில் வாங்கிய சின்னப் பெட்ரோல் கார் அது. பானட்டைத் திறந்து, ரேடியேட்டரில் இருந்த, எஞ்சின் சூட்டைத் தணிக்கும் பச்சை நிறக் கூலன்டை அடியோடு திறந்து விட்டீர்கள். "இதென்னுங்க, மருந்தாட்டப் பச்சையா? எங்க ரிக்குக்குப் பூராவும் அந்தந்த ஊருப் போர்த் தண்ணிதான். இருவத்தாறு வருசமா ஓடுதே!" என்று சொல்லி, முதல் தண்ணீரை வாய் நிரம்ப ஊற்றி மூடினீர்கள். மூடிக்குக் குங்குமமும் வைத்தீர்கள்.

ரிக் என்று நீங்கள் சொல்லும் போர் வண்டியின் எஞ்சின் ஆள் உயரம். அதற்குள் தண்ணீர் ஓடும் வழியில் என் கையே போகும். இந்தச் சின்னக் காரில் அந்த வழி சுண்டுவிரல் அகலம் கூடக் கிடையாது. அது உங்களுக்குத் தோன்றவில்லை. உங்கள் மேல் தப்பில்லை என்று இப்போது சொல்கிறேன். அப்போது சொன்னேனா என்றால் இல்லை.

ஒரு வருடம் வண்டி ஓடியது. எங்கோ ஒரு ரப்பர் குழாயில் லேசாகக் கசிந்துகொண்டிருந்ததால், தினமும் காலையில் ஒரு சொம்பு போர்த் தண்ணீரை நானே ஊற்றிவந்தேன். அந்தச் சித்திரையில்தான் பூங்கொடிக்குத் தலைமை ஆசிரியையாகப் பதவி உயர்வு வந்தது. பத்தொன்பது வருடம் காத்திருந்து வந்தது. பள்ளிக்கூடம் மட்டும் சேந்தமங்கலத்தைத் தாண்டி, கொல்லிமலை அடிவாரத்தில். எங்கள் ராசிபுரத்துப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் போனால் முதல் பாடவேளை முடிந்துவிடும். ஸ்கூட்டரில் விழுந்து மணிக்கட்டு உடைந்ததிலிருந்து அவள் இரண்டு சக்கரத்தில் ஏறுவதில்லை. கார் இருக்கிற தைரியத்தில்தான் அந்தப் பள்ளியை ஏற்றுக்கொண்டாள். அதற்காகவே ஓட்டக் கற்று லைசென்சும் வாங்கினாள்.

மாரியம்மன் நோம்பிக்கு நீங்கள் ஊருக்கு வந்திருந்தீர்கள். பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்க மூவருமாகக் கிளம்பினோம். பகல் பன்னிரண்டு மணி வெயில். சேந்தமங்கலத்துக்கு முன்னாலேயே வெப்ப முள் சிவப்புக்குப் போய்விட்டது. புதிதாக ஓட்டுகிறவள், பயத்தில் இன்னும் வேகமாக மிதித்தாள். உள்ளே யாரோ சுத்தியலால் அடிப்பது போல நான்கு அடி. அவ்வளவுதான். புகைக்கு நடுவே அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். "நான் ஏதோ தப்பா ஓட்டிப்போட்டனுங்களா?" என்று என்னைக் கேட்டாள். நானும் நீங்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

தங்கராசு மெக்கானிக் பட்டறையில் எஞ்சினைப் பிரித்த அன்று நீங்களும் என்னோடு நின்றீர்கள். தண்ணீர் ஓடும் வழி முழுக்க வெள்ளை வெள்ளையாக, பால் பாத்திரத்தில் காய்ந்து ஒட்டிய ஏடு மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது. ஸ்குரூ டிரைவரால் குத்தினால் சுண்ணாம்புக் காரை போல உதிர்ந்தது. தங்கராசு நல்ல மனிதர், கோபம் மட்டும் கொஞ்சம் முன்னால் நிற்கும். "இதுல போர்த் தண்ணி ஊத்துன புத்திசாலி யாருங்க?" என்றார்.

நீங்கள் தோளில் கிடந்த துண்டை எடுத்தீர்கள். முகத்தைத் துடைத்தீர்கள்.

"நான்தாங்க" என்றேன்.

பெரிய மனது பண்ணிச் சொன்னதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். யோசித்துச் சொன்னதே இல்லை, வாய் முந்திக்கொண்டது. உங்கள் சித்தப்பா வீட்டுக் கதை எனக்குத் தெரியும். அவர் தோட்டத்தில் ஆயிரம் அடி போட்டுப் புகை வந்தபோது, "கைராசி அவ்வளவுதான்" என்று யாரோ சொன்ன ஒரு வார்த்தைக்காகப் பதினோரு வருடம் அந்த வீட்டு வாசலை மிதிக்காதவர் நீங்கள். அந்த முகத்தை அன்றைக்குப் பட்டறையில் பார்த்தேன். பூங்கொடிக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருந்தது நீங்கள் ஒருவர்தான். அப்பா அம்மா போன பிறகு அவளுக்குப் புடவை எடுத்து வந்ததும், அவள் பிரசவத்துக்கு ரிக்கை நடுக்காட்டில் விட்டுவிட்டு ஓடி வந்ததும் நீங்கள்தான். அதெல்லாம் ஒரு நொடியில் என் தலையில் ஓடியதா என்றால், ஓடியிருக்க வேண்டும்.

ஆனால் நீங்கள் மறுத்துச் சொல்வீர்கள் என்று எதிர்பார்த்தேன். "இல்லீங்க, நான்தான்" என்று ஒரு வார்த்தை. அது வரவில்லை. வீட்டுக்கு வந்து நான் விஷயத்தைச் சொன்னதும் பூங்கொடி என்னை உலுக்கி எடுத்துவிட்டாள். "ஏனுங்க, படிச்ச மனுசன்தானுங்களே நீங்க!" என்றாள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பழைய எஞ்சினையே சரிசெய்வதென்றால் கையில் இருந்ததைப் போல இரண்டு மடங்கு ஆகும் என்றார் தங்கராசு. புது எஞ்சின் விலையை நாங்கள் கேட்கக்கூட இல்லை. பள்ளி திறக்க மூன்று வாரம் இருந்தது. அப்போதுதான் நீங்கள் அந்த டீசல் எஞ்சினைக் கொண்டுவந்து இறக்கினீர்கள். உங்கள் முதலாளியின் பெரிய கார் ஒன்று விபத்தில் நொறுங்கி, எஞ்சின் மட்டும் ஷெட்டில் கிடந்ததாம். "சும்மாவே குடுத்துட்டாருங்க மாப்ள. யானையாட்ட இழுக்கும். மலையே ஏறிப்போடும்!" நீங்கள் தனியாகவும் வரவில்லை. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையிலிருந்து ஒரு வெல்டரையும் அழைத்து வந்திருந்தீர்கள்.

அந்த மனிதர் ஒரு நூலை வைத்துக்கொண்டு எங்கள் காரை முன்னும் பின்னும் அளந்தார். "கொஞ்சம் நீளம் பத்தாதுங்க. முன்னாடி சேசு சட்டத்த வெட்டி ஒட்டிக்கலாம். பானட்டு மூடாதுங்க, அதுல ஒரு மேடு எடுத்துக்கலாம். ஸ்பிரிங்கு வேற போடோணும்" என்றார். முடியாது என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. நாமக்கல்லில் யார் வாயில்தான் அது வரும்? டீசலுக்கு மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீசில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றேன். அதையும் பார்த்துக்கொள்ளலாம் என்றீர்கள். பூங்கொடி வெளியே வந்து பார்த்தாள். "அண்ணா, நான் பள்ளிக்கூடத்துக்குப் போறனுங்களா, இல்ல கரும்பு லோடு ஏத்தப் போறனுங்களா?" என்று கேட்டாள். வெல்டரே சிரித்துவிட்டார்.

நான் சிரிக்கவில்லை. பட்டறையிலிருந்தே அடக்கி வைத்திருந்தது வெளியே வந்தது. "சும்மா வருதுங்கறதுக்காக எதையாச்சும் ஊட்டுக்குள்ள தூக்கிட்டு வராதீங்க மச்சான்" என்றேன். தண்ணீரையும் சேர்த்துத்தான் சொன்னேன். அது உங்களுக்குப் புரிந்தது. எஞ்சினைத் திரும்ப வண்டியில் ஏற்றி, வெல்டரைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். இரண்டு நாள் வரவில்லை. என் ஆயுசில் நான் சொன்ன மோசமான வார்த்தை எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

மூன்றாம் நாள் பூங்கொடி உங்களுக்குப் போன் போட்டாள். எனக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகப் பேசினாள். "அண்ணா, எனக்கு ஜூன் மாசம் பள்ளிக்கூடம் போகோணும். வெட்டறது ஒட்டறது ஒன்னும் வேண்டாம். இதே மாடல்ல நல்லா ஓடற பழைய எஞ்சின் ஒன்னு பாருங்க. இவரத் தனியா உட்டா பெயிண்டப் பாத்து ஏமாந்துட்டு வருவாரு. நீங்களும் வாங்க." மறுநாள் விடிந்ததும் வாசலில் நின்றீர்கள். ஒன்றுமே நடக்காதது போல "போலாங்களா மாப்ள?" என்றீர்கள்.

சேலத்தில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் அந்த இடத்தை மறக்க முடியுமா? கதவு ஒரு குவியல், கண்ணாடி ஒரு குவியல், எஞ்சின்கள் வரிசையாகத் தரையில். பூங்கொடி சொன்னபடியே நான் நேராகப் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று இருந்த ஒன்றின் முன்னால் போய் நின்றேன். விலையும் கைக்குள் அடங்கியது. நீங்கள் குனிந்து மோந்து பார்த்தீர்கள். "எண்ணெ ஒழுகறது தெரியாம இருக்கத்தானுங்க பெயிண்டு" என்று காதோரம் சொன்னீர்கள். இன்னொன்று ரொம்பக் குறைவாக ஓடியது என்று கடைக்காரர் சத்தியம் பண்ணினார். "எதுக்குக் கழட்டுனாங்களாம்?" என்று கேட்டீர்கள். அவர் அடுத்த எஞ்சினைக் காட்டப் போய்விட்டார்.

அப்புறம் நீங்கள் எஞ்சின்களையே விட்டுவிட்டு, பிரிக்காமல் நின்ற கார்களுக்குள் புகுந்தீர்கள். பின்பக்கம் லாரி மோதி நசுங்கிப்போன கார் ஒன்று, எங்கள் வண்டியின் மாடல்தான், மூலையில் நின்றது. பானட்டுக்கு அடியில் கரி, தூசி, ஒரு அணில் கூடு. "இதுதாங்க" என்றீர்கள். எனக்கு அருவருப்பாக இருந்தது. "பின்னாடி அடிபட்ட வண்டிங்க மாப்ள. அடிபடற நிமிசம் வரைக்கும் நல்லா ஓடிட்டிருந்த எஞ்சின். இது சீக்கு வந்து செத்ததில்ல" என்றீர்கள். பாட்டரி கொண்டுவரச் சொல்லி ஸ்டார்ட் செய்தீர்கள். இரும்புக் கம்பி ஒன்றை எஞ்சின் மேல் வைத்து, மறு முனையைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டீர்கள். எங்கள் வீட்டில் கல்லின் சத்தத்தைக் கேட்ட அதே நிற்பு. நானும் காதைக் கொடுத்துப் பார்த்தேன். எனக்குச் சத்தமாகத்தான் கேட்டது.

எஞ்சினை அணைத்து ஆறவைத்தீர்கள். ஒரு டீ குடித்து வந்தபின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை விட்டீர்கள். எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினீர்கள். விரல் நுனியில் பச்சை.

"வெள்ள இல்லீங்க மாப்ள" என்றீர்கள்.

அந்த விரலைத் துண்டில் துடைத்தீர்கள், மறுபடி துடைத்தீர்கள், கடைக்காரர் விலை பேச வந்த பிறகும் துடைத்துக்கொண்டே நின்றீர்கள். என் கோபத்தில் பாதி அங்கேயே போய்விட்டது. மீதிப் பாதியை வீம்புக்கு வைத்திருந்தேன்.

ராசிபுரம் வழியாகப் போகும் லாரி ஒன்றில் எஞ்சினை ஏற்றி, அதன் இரு பக்கமும் நாம் இருவரும் உட்கார்ந்து வந்தோம். தங்கராசு நான்கு நாளில் பொருத்திக் கொடுத்தார். அதே மாடல் என்பதால் ஆர்.டி.ஓ. ஆபீசில் பில்லைக் காட்டி, வண்டியைக் காட்டி, ஆர்.சி.யில் எஞ்சின் நம்பரை மாற்றிக்கொண்டோம். கடைசியாக ரேடியேட்டரை நிரப்பும்போது தங்கராசை விலக்கிவிட்டு நீங்களே பச்சைக் கூலன்டை ஊற்றினீர்கள். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. பள்ளி திறந்த அன்று பூங்கொடி ஓட்ட, நான் பக்கத்தில், நீங்கள் பின்னால். எட்டு நாற்பதுக்கெல்லாம் போய்விட்டோம். பள்ளிக்கூடத்துக்கு நூறடி முன்னாலேயே என்னை இறங்கச் சொல்லி நீங்களும் இறங்கிவிட்டீர்கள். "புது எச்.எம்மு ரெண்டு ஆம்பளயக் காவலுக்குக் கூட்டியாந்த மாதிரி இருக்கும்" என்றீர்கள். அவள் தனியாகக் கேட்டுக்குள் வண்டியை விடுவதைப் புளியமரத்தடியில் நின்று பார்த்தோம். உங்கள் கண் கலங்கியிருந்தது. புழுதி என்றீர்கள்.

அதற்கப்புறம் ஏழு வருடம். ஊருக்கு வருகிறவர்கள் மிக்சர் வாங்கி வருவார்கள், அல்வா வாங்கி வருவார்கள். நீங்கள் ஒவ்வொரு முறையும் கையில் ஒரு பச்சைக் கூலன்ட் கேனோடு வந்தீர்கள். "வர்ற வழியில மலிவாக் கெடச்சுது" என்பீர்கள். எங்கள் கார் குடிக்கிற அளவுக்கு அது மிக அதிகம். பரணில் வரிசையாக அடுக்கி, மிஞ்சியதைத் தங்கராசு பட்டறைக்குக் கொடுத்துவந்தோம். சாப்பிட உட்காரும்போதெல்லாம் பூங்கொடி என்னைச் சீண்டுவாள். "இவருக்குத் தண்ணி வெக்கறப்பப் பாத்து வெக்கோணும், எங்க ஊத்துவாருன்னே தெரியாது." நீங்கள் குனிந்து சோற்றைப் பிசைவீர்கள். மூன்று தடவையாவது உண்மையைப் போட்டு உடைக்க வாயெடுத்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் நீங்கள் பிசைவதைப் பார்த்து விட்டுவிட்டேன்.

பங்குனியில் மத்தியப் பிரதேசத்துக் கேம்பிலிருந்து போன் வந்தது. காலையில் டீ குடிக்க உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்றார்கள். உங்களைக் கொண்டுவரும் ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை வீட்டில் இருக்க மாட்டேன் என்று பூங்கொடி பிடிவாதமாகச் சேலத்துக்கே காரை ஓட்டினாள். அழுதுகொண்டே ஓட்டினாள், ஆனால் ஒரு கியர் தப்பவில்லை. உங்கள் எஞ்சினும் ஒரு இருமல் இருமவில்லை. சேலத்திலிருந்து நம் ஊர்வரை நீங்கள் முன்னால், நாங்கள் பின்னால். எங்கள் காருக்கு அதைவிடக் கொடுமையான வேலை இனி இல்லை.

இன்று காலைக்கு வருகிறேன். எதிர் மனையில் நானூற்று எண்பது அடியில் தண்ணீர் வந்துவிட்டது. ரிக்கை ஓட்டுகிறவர் திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆள். பூங்கொடியைப் பார்த்து, "நீங்க அண்ணனோட தங்கச்சிதானுங்களே? நான் அவருகிட்டத் தொழில் பழகுனவனுங்க" என்றார். வீட்டுக்காரருக்குக் கொடுத்த கையோடு, இன்னொரு சொம்பில் மஞ்சள் போட்டு முதல் தண்ணீர் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். அவள் அதைச் சாமி படத்துக்குக் கொண்டுபோகவில்லை. நேராகக் காரிடம் போய் பானட்டைத் தூக்கினாள்.

என்னை அறியாமல் கத்திவிட்டேன். "அதுல ஊத்தீராத! அன்னைக்கு உங்கண்ணன் ஊத்துன தண்ணிதான்…" பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஏழு வருடக் காவல் அரை நிமிடத்தில் போயிற்று.

அவள் திரும்பிப் பார்த்தாள். "தெரியுங்க" என்றாள். "ஊத்தப் போகல. மேல தெளிக்கத்தான் வந்தேன்."

"என்ன தெரியும்?"

"அண்ணன் அன்னைக்கே சொல்லிருச்சுங்க. பட்டறையில இருந்து வந்து, கைகாலுகூடக் கழுவாம சமையக்கட்டுக்கு வந்து நின்னுச்சு. 'உன் வண்டிய நாந்தான் கெடுத்துப் போட்டேன் அம்மிணி. மாப்ள தன் மேல போட்டுக்கிட்டாரு. என்னைய உட்டுக் குடுக்கல. நீ தெரிஞ்சதாக் காட்டிக்காத, அவரு சொன்ன சொல்லு அப்படியே நிக்கட்டும்'னு சொல்லுச்சுங்க."

"அப்பறம் எதுக்கு ஏழு வருசமா என்னைய அந்தப் பேச்சுப் பேசுன?"

"பேசாம உட்டா உங்களுக்குச் சந்தேகம் வந்துருமில்லீங்க?" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "அந்த டீசல் எஞ்சின் சும்மா வந்துச்சுன்னு நெனச்சீங்களா? அந்த வருசத் தீவாளி போனசு வேண்டாம், இதக் குடுங்கன்னு மொதலாளிகிட்டக் கேட்டு வாங்குனது. தன்னால கெட்டதுக்கு ஈடாத் தன் கையாலயே ஒன்னு குடுக்கோணும்னு பாத்துச்சு."

நான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன், மச்சான். சும்மா வருகிறதைத் தூக்கி வராதீர்கள் என்று சொன்னேனே, அந்த வார்த்தையை வாங்கிக்கொண்டு எப்படி நான்காம் நாள் வாசலில் வந்து நின்றீர்கள்? ஒரு வார்த்தைக்குப் பதினோரு வருடம் சித்தப்பா வீட்டை ஒதுக்கியவர்தானே நீங்கள்?

இப்போது என் பாக்கியைச் சொல்கிறேன். நான் சேகோ பேக்டரியில் வேலை பார்க்கிறவன். ஜவ்வரிசியின் வெள்ளை தண்ணீரில்தான் இருக்கிறது என்பதால், எங்கள் பேக்டரியில் மாதம் தவறாமல் தண்ணீரைப் பரிசோதிப்பார்கள். அந்தத் தாள் என் மேசைக்குத்தான் வரும். நீங்கள் எங்களுக்குப் போர் போட்ட இரண்டாம் வாரம், ஒரு பாட்டிலில் அந்தத் தண்ணீரையும் பிடித்துக்கொண்டுபோய்க் கொடுத்திருந்தேன். குடிக்க ஆகாது, பாய்லரில் ஊற்றவே கூடாது, உப்புப் படியும் என்று எழுதி வந்தது. தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து, மடித்து டிராயரில் போட்டேன். அறுநூற்று இருபது அடி வரைக்கும் நம்பிக்கை விடாமல் நின்று எங்களுக்குத் தண்ணீர் காட்டியவரிடம், உங்கள் தண்ணீர் உதவாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் ஊற்றிய முதல் தண்ணீரை வடித்துவிட்டு வேறு ஊற்றவும் மனது வரவில்லை. தெரிந்தேதான் ஒரு வருடம் தினமும் ஒரு சொம்பு ஊற்றினேன். நீங்கள் தெரியாமல் ஒரு தடவை ஊற்றியதற்கு ஏழு வருடம் கேன் சுமந்தீர்கள். பட்டறையில் "நான்தாங்க" என்று நான் சொன்னது பொய்யே இல்லை, மச்சான். முழு உண்மை.

இதை உங்களிடம் ஒரு நாள் சொல்லியிருக்கலாம். துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, "அடப் போங்க மாப்ள" என்று சிரித்திருப்பீர்கள். சொல்லாமல் உங்களை அந்தப் பாரத்தோடு அனுப்பிவிட்டேன். மன்னித்துவிடுங்கள்.

தாள் இன்னும் இருக்கிறது. எடுத்துவந்து பூங்கொடியிடம் கொடுத்தேன். மேலிருந்து கீழே படித்தாள். "ரெண்டு பேரும் நல்லாச் சேந்தீங்க போங்க" என்று சொல்லி அதை ஆர்.சி.யோடு சேர்த்து உறைக்குள் வைத்தாள். சொம்பில் மீதியிருந்த முதல் தண்ணீரை முன் சக்கரத்தில் ஊற்றினாள். பிறகு ரேடியேட்டர் பக்கம் எட்டிப் பார்த்து, கூலன்ட் குறைந்திருப்பதாகச் சொன்னாள்.

பரணில் ஏறித் தேடினேன். நீங்கள் கொண்டுவந்ததில் ஒரு கேன்தான் மிச்சம். போன தைப்பொங்கலுக்கு வந்தபோது கொடுத்தது, இன்னும் மூடி திறக்கவில்லை. அதன் மேல் உங்கள் கை பட்ட இடத்தில் சாம்பல் நிறத்தில் கல்மாவு ஒட்டியிருந்தது. நான் கேனைப் பிடித்துக்கொள்ள, உங்கள் தங்கை மூடியைத் திருகினாள். ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றினோம். மீதியை வண்டியின் பின்னால் வைத்திருக்கிறோம்.

இது தீர்ந்தால் இனிமேல் நாங்கள்தான் வாங்க வேண்டும், மச்சான்.